சப்பாத்தை எறிந்தது யார்?

கேள்வி: நாசவேலைக்கு ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, அந்த 'சபோட்டாஜ்' என்ற சொல் எப்படி வந்தது? பிரெஞ்சுத் தொழிலாளர்கள் காலில் இருந்த மரச்செருப்பைக் கழற்றி இயந்திரத்துக்குள் வீசினார்கள், அந்தச் செருப்பின் பெயர் 'சபோ', அதிலிருந்து 'சபோட்டாஜ்' பிறந்தது என்று பல வருடங்களுக்கு முன் இதே பகுதியில் நீங்களே எழுதியிருந்தீர்கள். கத்தரித்து வைத்திருக்கிறேன். என் பேத்தி அது கட்டுக்கதை என்கிறாள். யார் சொல்வது சரி?
(ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பேத்தி சொல்வதுதான் சரி. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் ஐயா. பக்கம் முடிக்கிற அவசரத்தில், எங்கோ படித்ததை ஞாபகத்திலிருந்து எழுதிவிட்டேன். கதை அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் சரிபார்க்கத் தோன்றவில்லை. மெய்ப்புத் திருத்துவதில் ஆரம்பித்து வளர்ந்த ஆள் நான். எனக்கே இந்தக் கதி.

முதலில் கதையின் ஓட்டைகள். சொல்பவர்கள் யாரும் காலத்தை ஒரே இடத்தில் வைப்பதில்லை. ஒருவர் 15-ஆம் நூற்றாண்டு ஹாலந்து என்பார். இன்னொருவர் பிரான்சின் லியோன் நகரம், பூ வேலைப்பாட்டைத் தானாக நெய்யும் ஜாக்கார்டு தறி வந்த சமயம் என்பார். 1991-ல் வெளிவந்த ஸ்டார் டிரெக் ஆறாவது படத்தில் ஒரு பாத்திரம் இந்தக் கதையை விண்கலத்துக்குள் நின்றுகொண்டு ஒப்பிக்கும். உலகம் முழுக்க அது பரவியதில் அந்தக் காட்சிக்கும் பங்கு உண்டு.

ஜாக்கார்டு தறி 1804-ஐ ஒட்டி வந்தது. 'சபோட்டாஜ்' இன்றைய பொருளில் தலைகாட்டுவது 1890-களில். செருப்பை வீசிய அன்றே சொல் பிறந்திருந்தால், எண்பது, தொண்ணூறு வருடம் அது எங்கே ஒளிந்திருந்தது? அப்புறம், லியோன் நெசவாளர்கள் 1831-ல் பெரிய கலகம் செய்தது உண்மை. ஆனால் அவர்கள் கேட்டது கட்டுப்படியாகும் கூலி விகிதம். பட்டறை நடத்திய நெசவாளர்களில் பெரும்பாலோருக்குத் தறி சொந்தம். சொந்தத் தறிக்குள் எவனாவது செருப்பைப் போடுவானா?

சரி, நிஜக் கதை என்ன? 'சபோ' என்றால் ஒரே கட்டையில் குடைந்து செய்த மரச்செருப்பு. அதுவரைக்கும் நான் எழுதியது சரிதான். கிராமத்து ஏழைகளின் காலணி அது. சேற்றுக்கு நல்லது, கல் பாவிய தெருவில் 'டொக் டொக்' என்று ஊரையே எழுப்பும். அதைப் போட்டுக்கொண்டு நளினமாக நடக்க முடியாது. ஆகவே 'சபோத்தே' என்ற வினைச்சொல்லுக்கு, மரச்செருப்புச் சத்தத்தோடு தடதடவென நடப்பது என்பதிலிருந்து, ஒரு வேலையை அரைகுறையாக, கன்னாபின்னாவென்று செய்து கெடுப்பது என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பேச்சு வழக்கில் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: சொதப்புவது. மோசமாக வாசிக்கும் வித்வான், வெட்டிய துணியைக் கெடுத்துவிட்ட தையற்காரர், எல்லாரும் பிரெஞ்சில் 'சபோத்தே' செய்தவர்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, கைத்திறன் இல்லை, அவ்வளவுதான். நாம் 'வேண்டுமென்றே செய்த நாசம்' என்று பொருள் சொல்கிறோமே, அந்த 'வேண்டுமென்றே' இந்தச் சொல்லில் ஆரம்பத்தில் இல்லவே இல்லை. அதைக் கொண்டுவந்து வைத்தவர் ஒரு பத்திரிகைக்காரர்.

கேள்வி: யார் அந்தப் பத்திரிகைக்காரர்?
(இதை யாரும் கேட்கவில்லை. அடுத்த கடிதத்துக்குத் தாவுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பதால் நானே கேட்டுக்கொள்கிறேன்.)

எமீல் பூஜே. 1860-ல் பிறந்த பிரெஞ்சு அராஜகவாதி, தொழிற்சங்கக்காரர். 1889-ல் ஒரு வார இதழ் தொடங்கினார். பெயர் 'லெ பேர் பெனார்'. முழுக்கத் தெருமொழியிலேயே எழுதப்பட்ட இதழ். அதன் துணைத்தலைப்பு, வாராவாரம் ஒரு செருப்புத் தைப்பவரின் சிந்தனைகள் என்பது போல வரும். செருப்பு இந்தக் கதையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது பாருங்கள்.

1897-ல் துலூஸ் நகரில் பிரெஞ்சுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் மாநாடு. அதில் பூஜே ஓர் அறிக்கை கொண்டுவந்தார். அதில் இரண்டு ஆயுதங்கள்: பாய்காட் (புறக்கணிப்பு), சபோட்டாஜ். முதலாவது அப்போது பதினேழு வயதுச் சொல். அயர்லாந்தில் 1880-ல் கேப்டன் பாய்காட் என்ற நிலநிர்வாகியை ஊரே ஒதுக்கி வைத்ததில் பிறந்தது. இரண்டாவதை பூஜே தெருவிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்து மேடையேற்றினார். பின்னாளில் இதைப் பற்றியே ஒரு சிறுநூல் எழுதியபோது, பதினைந்து வருடம் முன்பு வரை இது வெறும் கொச்சைச் சொல், 'மரச்செருப்பால் உதைத்துச் செய்ததைப் போன்ற வேலை' என்பதுதான் பொருள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டார். இயந்திரத்துக்குள் செருப்பை வீசிய கதை அங்கே கிடையாது. சொல்லைப் பிரபலமாக்கிய ஆளுக்கே அந்தக் கதை தேவைப்படவில்லை!

பூஜேவின் கொள்கை ஒரே வரி: கெட்ட கூலிக்குக் கெட்ட வேலை. இதற்கு அவர் காட்டிய உதாரணம் பிரான்சிலிருந்து வந்ததல்ல, ஸ்காட்லாந்திலிருந்து. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1889-ல் கிளாஸ்கோ துறைமுகச் சுமைத் தொழிலாளர்கள் கூலியைச் சற்று உயர்த்தக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் மறுத்துவிட்டு, பெரும் செலவில் வயல்வேலைக்காரர்களைக் கொண்டுவந்து கப்பலில் சரக்கு ஏற்ற வைத்தார்கள். போராட்டம் தோற்றது. பழைய கூலிக்கே திரும்ப வேண்டிய நிலை. அப்போது சங்கச் செயலாளர் எல்லாரையும் கூட்டிப் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இது: "நமக்குப் பதிலாக வந்த வயல்காரர்களின் வேலையில் தங்களுக்கு முழுத் திருப்தி என்று முதலாளிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நாமும் பார்த்தோம். அவர்களுக்குக் கப்பல் தளத்தில் நிற்கவே தெரியவில்லை. தூக்கியதில் பாதியைக் கீழே போட்டார்கள். நம்மில் ஒருவன் செய்வதை அவர்களில் இரண்டு பேரால் செய்ய முடியவில்லை. அப்படியும் முதலாளிகளுக்குத் திருப்தி என்றால் சரி, நாமும் அப்படியே வேலை செய்வோம். அவர்கள் அவ்வப்போது தண்ணீரில் விழுந்தார்கள். அது மட்டும் நமக்கு வேண்டாம்."

இரண்டு மூன்று நாள் அப்படியே நடந்தது. முதலாளிகள் செயலாளரைக் கூப்பிட்டு, ஆட்களைப் பழையபடி வேலை செய்யச் சொல்லுங்கள், கேட்ட கூலியைத் தருகிறோம் என்றார்கள். ஸ்காட்லாந்துப் பேச்சில் இந்த முறைக்கு 'கா கேனி' என்று பெயர். 'பையப் பார்த்துப் போ' என்று அர்த்தம். இதற்குப் பிரெஞ்சில் ஒரு சொல் வேண்டும் என்று தேடியபோது பூஜேவுக்குச் சிக்கியதுதான் 'சபோட்டாஜ்'. பட்டணத்துத் தொழிலாளி, மரச்செருப்பு போட்ட பட்டிக்காட்டானைப் போலத் தெரிந்தே சொதப்புவது.

உடைப்பது, எரிப்பது, வெடிப்பது எதுவும் கட்டாயமில்லை. பூஜே தரும் வழிகளில் ஒன்றுக்கு 'வாயைத் திறப்பது' என்று பெயர். கடையில் வேலை செய்பவர், முதலாளி சரக்கில் என்ன கலக்கிறார் என்பதை வாடிக்கையாளரிடம் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். உண்மையைச் சொல்வதும் ஒரு நாசவேலை! இன்னொரு வழி, விதிமுறைப் புத்தகத்தில் உள்ளதை ஒரு வரி விடாமல் கடைப்பிடிப்பது. 1905-ல் இத்தாலிய ரயில் தொழிலாளர்கள் அதைச் செய்து வண்டிகளைத் தவழ விட்டார்கள்.

இதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில் நான் வேலை பார்த்த அச்சகம் ஒன்றில் இரவு ஓவர்டைம் காசு மூன்று மாதமாகத் தரவில்லை. கம்பாசிட்டர்கள் வேலைநிறுத்தம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. ஒருநாள் இரவு முதல், கைப்பிரதியில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் கோத்தார்கள். வழக்கமாக எழுத்தாளர் விட்ட ஒற்றை அவர்கள் போட்டுவிடுவார்கள், 'ர'வை 'ற'வாக மாற்றிவிடுவார்கள். யாருக்கும் தெரியாது, யாரும் நன்றி சொன்னதும் இல்லை. அன்றிலிருந்து அது நின்றது. ஒரு பெரிய எழுத்தாளர் ஒற்று என்பதையே நம்பாதவர் என்று ஊருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும், மெய்ப்பில் நான் பிடிக்காமல் இருந்திருந்தால். இன்னொரு கட்டுரையில், "இங்கே ஒரு பத்தி விடுபட்டுள்ளது, நாளை காலை அனுப்புகிறேன்" என்று ஓரத்தில் எழுதியிருந்ததும் கட்டுரையின் நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு, "பிரதியில் உள்ளபடிதானே சார் கோக்க வேண்டும்?" என்றார் மூத்த கம்பாசிட்டர். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. நான்காம் நாள் ஓவர்டைம் காசு வந்தது. அவர் பூஜேயைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

கேள்வி: அப்படியானால் வேலையைச் சொதப்புவது எப்போது குண்டு வைப்பதாக மாறியது?
(அரசியல் அறிவியல் மாணவி)

படிப்படியாக. முக்கியமான படி, 1910 அக்டோபரில் பிரான்சில் நடந்த ரயில் வேலைநிறுத்தம். பிரதமர் அரிஸ்தீத் பிரியான் ஒரு காலத்தில் பொது வேலைநிறுத்தத்தை மேடைதோறும் ஆதரித்தவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் ரயில் தொழிலாளர்களை ராணுவப் பணிக்கு அழைத்து உத்தரவு போட்டார். வராவிட்டால் ராணுவக் குற்றம். போராட்டம் உடைந்தது. அந்த நாட்களில் தந்திக்கம்பி அறுக்கப்பட்டது, சிக்னல் கெடுக்கப்பட்டது என்று வந்த செய்திகளோடு சேர்ந்து இந்தச் சொல்லும் ஆங்கிலப் பத்திரிகைகளுக்குள் பரவலாக நுழைந்தது. அவர்களுக்குப் பழைய சொதப்பல் தெரியாது, அறுந்த கம்பிதான் தெரியும்.

நான்கு வருடத்தில் முதல் உலகப் போர் வந்தது. சொல் தொழிலாளி கையிலிருந்து உளவாளி கைக்குப் போனது. 1916 ஜூலை 30 அன்று நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய பிளாக் டாம் என்ற இடத்தில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. ஜெர்மன் ஏஜென்ட்டுகள் செய்த வேலை. பக்கத்துத் தீவில் நிற்கும் சுதந்திர தேவி சிலையிலும் அடி விழுந்தது. அன்றோடு பொதுமக்களுக்கு மூடப்பட்ட அவளுடைய தீப்பந்தம் இன்றுவரை திறக்கப்படவில்லை.

அதே 1916-ல் அமெரிக்காவில் எலிசபெத் கர்லி ஃபிளின் என்ற தொழிற்சங்கப் பெண்மணியின் 'சபோட்டாஜ்' என்ற துண்டுநூல் வெளிவந்தது. தொழிலாளி தன் வேலைத்திறனை அறிந்தே திரும்பப் பெற்றுக்கொள்வது என்று அதில் விளக்கம். 1919-ல் தார்ஸ்டைன் வெப்லன் என்ற பொருளாதார அறிஞர் இதைத் தலைகீழாகத் திருப்பினார். விலை இறங்கக் கூடாது என்று உற்பத்தியைக் குறைக்கிறாரே முதலாளி, அது மட்டும் என்ன, சபோட்டாஜ் இல்லையா என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் சொல் அதற்குள் வெடிமருந்து வாசம் பிடித்துவிட்டது, திரும்பி வரவில்லை.

கேள்வி: இலங்கைத் தமிழில் ஷூவை 'சப்பாத்து' என்கிறோம். அதற்கும் இந்த 'சபோ'வுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? ஒலி ஒத்துவருகிறதே!
(இலங்கை வாசகர்)

இப்படி ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம். தொடர்பு உண்டு. ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

சப்பாத்து போர்ச்சுகீசியச் சொல்லான 'சபாத்து'விலிருந்து வந்தது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, பாதிரி வந்த அதே கப்பலில் வந்திறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்களத்தில் 'சபத்து', மலாய், இந்தோனேசிய மொழிகளில் 'செபாத்து'. ஸ்பானிஷில் 'சபாத்தோ'. இத்தாலியில் 'சாபாத்தா' என்றால் தேய்ந்த செருப்பு. அந்தச் செருப்பைப் போலத் தட்டையாக இருப்பதால் ஒரு ரொட்டிக்கும் அதே பெயர். பிரெஞ்சில் இதே குடும்பத்துப் பிள்ளை 'சவாத்', பழைய செருப்பு. காலால் உதைத்துப் போடும் ஒரு பிரெஞ்சுச் சண்டைக்கலைக்கும் அதுதான் பெயர். இந்த 'சவாத்', பூட்ஸைக் குறிக்கும் 'போத்' என்ற சொல்லோடு உரசி உருமாறியதுதான் 'சபோ' என்கிறார்கள் சொற்பிறப்பு ஆய்வாளர்கள்.

ஆக, சபோட்டாஜ் என்று பிரெஞ்சுக்காரன் சொல்லும்போது உள்ளே ஒரு சப்பாத்து இருக்கிறது. வீசிய சப்பாத்து அல்ல, நடந்த சப்பாத்து.

கேள்வி: இயந்திரங்களை உடைத்த தொழிலாளர்கள் என்று யாருமே கிடையாதா? எல்லாம் புருடாவா?
(விசைத்தறித் தொழிலாளி)

இருந்தார்கள். செருப்பால் அல்ல, சம்மட்டியால். இங்கிலாந்தின் லுட்டைட்டுகள். 1811-ல் நாட்டிங்ஹாம் பகுதியில் பின்னல் தறிகளை உடைப்பதில் தொடங்கியது. அது யார்க்ஷயரில் கம்பளித் துணியைச் சீராக்கும் இயந்திரங்களுக்கும் பரவியது. நெட் லுட் என்ற தலைவன் பெயரில் மிரட்டல் கடிதங்கள் போகும். அப்படி ஓர் ஆள் இருந்ததே இல்லை. யார்க்ஷயரில் அவர்கள் பயன்படுத்திய பெரிய சம்மட்டிக்கு 'ஈனக்' என்று பெயர். காரணம், அதைச் செய்து கொடுத்த கொல்லர் ஈனக் டெய்லர். உடைபட்ட இயந்திரங்களைச் செய்து கொடுத்தவரும் அவரே. 'ஈனக்கே செய்தான், ஈனக்கே உடைப்பான்' என்பது அவர்களுடைய கோஷம்.

1812-ல் நாடாளுமன்றம் பின்னல் தறியை உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் கொண்டுவந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சாக அதை எதிர்த்துப் பேசினார். பலனில்லை. 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், சிலர் இயந்திர உடைப்புக்காக, சிலர் கொலைக்காகவும் கொள்ளைக்காகவும். எல்லா இயந்திரத்தையும் அவர்கள் உடைக்கவில்லை. கூலியை அமுக்கி மட்டமான துணி நெய்த முதலாளியின் தறி நொறுங்கும், ஒழுங்காகக் கூலி கொடுத்தவருடையது அதே அறையில் பத்திரமாக இருக்கும். இவர்களைப் புதுமைக்குப் பயந்த பட்டிக்காட்டான்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

கேள்வி: தமிழில் 'நாசவேலை' சரியான மொழிபெயர்ப்பா? பழந்தமிழில் இதற்குச் சொல் உண்டா?
(தமிழ் முதுகலை மாணவர்)

டெலிபிரின்டரில் அச்சாகி வந்த செய்திக் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து மொழிபெயர்த்த காலத்தில் 'சபோட்டாஜ்' வந்தால் கை தானாக 'நாசவேலை' என்று எழுதும். ஆனால் தலைப்புப் போடுகிறவர் அதைச் 'சதி' என்று மாற்றிவிடுவார். நாசவேலை நான்கு எழுத்து, சதி இரண்டு எழுத்து, ஒற்றைப் பத்தித் தலைப்பில் இடம் போதாது. பல விபத்துகள் தமிழில் 'சதி'யாக ஆனதற்கு இட நெருக்கடியும் ஒரு காரணம் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். சதி என்பது திட்டம். நாசவேலை என்பது காரியம். இரண்டும் ஒன்றல்ல.

'நாசவேலை'யில் எனக்குப் பிடித்தது அதிலுள்ள 'வேலை'. பிரெஞ்சுச் சொல்லும் வேலையிலிருந்து கிளம்பியதுதானே. அங்கே வேலையை நாசம் பண்ணுவது, இங்கே நாசத்தையே வேலையாகச் செய்வது.

பழந்தமிழில் அழிவுக்குப் பஞ்சமில்லை. எதிரி நாட்டைக் கொளுத்துவதற்கு 'எரிபரந்தெடுத்தல்' என்று தொல்காப்பியம் துறையே வகுத்திருக்கிறது. புறநானூற்றின் 15-ஆம் பாட்டில் நெட்டிமையார் முதுகுடுமிப் பெருவழுதியைப் பார்த்து, பகைவர் கோட்டைத் தெருக்களில் கழுதையைப் பூட்டி உழுது 'பாழ்செய்தனை' என்கிறார். பாராட்டாகத்தான் சொல்கிறார்! இவையெல்லாம் முரசு அறைந்து, ஊரறியச் செய்யும் அழிவு. சபோட்டாஜின் உயிர் மறைவில் இருக்கிறது. உள்ளே இருப்பவன், யாருக்கும் தெரியாமல், தற்செயல் போலச் செய்வது. அதற்குப் புலவர்களை விட நம் பேச்சுத்தமிழ்தான் கைகொடுக்கும். கூடவே இருந்து குழி பறிப்பது. உள்குத்து. ஆப்பு வைப்பது. பிரெஞ்சுக்காரனுக்கு மரச்செருப்பு, நமக்கு மர ஆப்பு; இதில் மொழியியல் எதுவும் இல்லை, சும்மா சொன்னேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் எந்த முடிவும் எடுக்க விடாமல் கூட்டம் மேல் கூட்டம் போடுகிறார்கள். இதையும் நாசவேலை என்று சொல்லலாமா?
(பெயர் வேண்டாம் என்கிறார்)

தாராளமாக. அமெரிக்க உளவுத்துறையே சொல்லியிருக்கிறது. சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடியான ஓ.எஸ்.எஸ். 1944 ஜனவரியில் ஒரு சிறு கையேடு தயாரித்தது. எதிரியின் பிடியில் உள்ள நாடுகளில் சாதாரண மக்கள் ஆயுதமே இல்லாமல் என்னென்ன கெடுக்கலாம் என்ற பட்டியல். பூட்டுக்குள் குச்சியைத் திணிப்பது, எண்ணெயில் மணலைக் கலப்பது எல்லாம் உண்டு. ஆனால் மணிமகுடம் அலுவலகங்களுக்கான பகுதி.

எதையும் உரிய வழிமுறையின்படி மட்டுமே செய்ய வேண்டும் என்று அடம் பிடியுங்கள். நீளமாகப் பேசுங்கள், அடிக்கடி பேசுங்கள், சொந்த அனுபவக் கதைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் குழுவுக்கு அனுப்புங்கள், குழுவில் ஐந்து பேருக்குக் குறையக் கூடாது. தீர்மானத்தின் சொற்களைப் பிடித்துக்கொண்டு தகராறு செய்யுங்கள். போன கூட்டத்தில் முடிவானதை மறுபடி கிளறுங்கள்.

உங்கள் மேலாளர் இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை, இயற்கையிலேயே திறமைசாலியாக இருப்பார். சொந்தக் கதை சொல்லியே பக்கத்தை நிரப்புகிறவன் என்ற முறையில் நானும் அந்தப் பட்டியலில் இருக்கிறேன்.

அதே கையேட்டில் ஒரு திரையரங்க யோசனை: எதிரியின் பிரச்சாரப் படத்துக்குப் போகும்போது இரண்டு மூன்று டஜன் பெரிய அந்துப்பூச்சிகளைக் காகிதப்பையில் போட்டு எடுத்துப் போய், காலியான வரிசையில் திறந்து வைத்துவிடுங்கள். புரொஜெக்டர் வெளிச்சத்தை நோக்கி எல்லாம் பறக்கும், திரை முழுக்கச் சிறகின் நிழல் ஆடும்.

கேள்வி: நாசவேலை செய்தவர்களை வீரர்கள் என்று கொண்டாடலாமா?
(வழக்கறிஞர்)

உங்கள் துறையே இதில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறது. 1962-ல் தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு சபோட்டாஜுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதிகபட்சத் தண்டனை மரணம். 1964 ஏப்ரலில் ரிவோனியா வழக்கில் மண்டேலா, நாசவேலைக்குத் திட்டமிட்டேன், மறுக்கவில்லை என்றே நீதிமன்றத்தில் சொன்னார். மனித உயிர் போகாத வழி என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது அவருடைய வாதம். ஜூன் 12 அன்று ஆயுள் தண்டனை. அவரும் வழக்கறிஞர்தான்.

நார்வேயின் வெமோர்க் ஆலைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஜெர்மானியரின் அணு ஆராய்ச்சிக்குத் தேவையான கனநீர் அங்கே தயாரானது. 1943 பிப்ரவரி 27 இரவு, 23 வயது யோவாக்கிம் ரொன்னெபெர்க் தலைமையில் ஒன்பது நார்வேக்காரர்கள் பனி மூடிய பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி உள்ளே போனார்கள். வெடிகளைப் பொருத்தி, திரியைப் பற்றவைக்கப் போகும் நேரத்தில் அங்கிருந்த நார்வேக் காவலாளி, "என் மூக்குக்கண்ணாடியைக் காணோம்" என்றார். போர்க்காலத்தில் இன்னொன்று கிடைக்காதாம். தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பற்றவைத்தார்கள். ஏறத்தாழ 500 கிலோ கனநீர் ஓடிப்போனது. ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்கவில்லை. ஊர்மக்கள் மீது பழி விழக் கூடாது என்று ஒரு பிரிட்டிஷ் துப்பாக்கியை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தார்கள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் கொண்டாடலாம். அடுத்த வருடம் பிப்ரவரியில், மிஞ்சிய கனநீரை ஏற்றிச் சென்ற படகை ஏரியில் மூழ்கடித்தார்கள். அதில் 18 பேர் இறந்தார்கள், 14 பேர் அவர்களுடைய நாட்டவரே. எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை.

கேள்வி: 'வேண்டலிசம்' என்பதும் இதுதானா?
(பிளஸ் டூ மாணவர்)

இல்லை. சபோட்டாஜுக்கு ஒரு நோக்கம் உண்டு. வேண்டலிசம் பெரும்பாலும் கை அரிப்பு, சிற்பத்தின் மூக்கை உடைப்பது, சுவரில் பெயரைக் கீறுவது. வண்டால்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் கி.பி. 455-ல் ரோமாபுரியைக் கொள்ளையடித்தார்கள். ஆனால் சொல் அப்போது பிறக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியில் அரசர் சிலைகளையும் தேவாலயக் கலைப்பொருள்களையும் உடைத்துத் தள்ளியதைப் பார்த்துப் பொறுக்காமல், ஆன்றி கிரெகுவார் என்ற பாதிரியார் 1794-ல் உண்டாக்கினார். "அந்தக் காரியத்தைக் கொல்வதற்காக இந்தச் சொல்லைப் படைத்தேன்" என்று பின்னர் எழுதினார். சொல் பிழைத்துக்கொண்டது, காரியமும் பிழைத்துக்கொண்டது. போப் லியோ கேட்டுக்கொண்டதால் ஊரைக் கொளுத்தாமல் போனதாகச் சொல்லப்படும் வண்டால்களுக்குத்தான் நிரந்தரக் கெட்ட பெயர்.

கேள்வி: 'சபோ' என்ற சொல் பிரெஞ்சுக்கு வெளியே இன்றும் எங்காவது புழங்குகிறதா?
(முன்னாள் ராணுவ வீரர்)

உங்களுக்கு விடை தெரியும், என்னைச் சோதிக்கிறீர்கள். டாங்கிப் பீரங்கியில். கவசத்தைத் துளைக்கும் குண்டு இப்போது மெல்லிய ஈட்டி போல இருக்கிறது. பீரங்கிக் குழலோ அகலமானது. இடைவெளியை அடைக்க ஈட்டியைச் சுற்றி எடை குறைந்த ஓர் உறை பொருத்துவார்கள், அதன் பெயர் 'சபோ'. பழைய காலத்துப் பீரங்கி உருண்டைகளுக்கு அடியில் வைத்த கட்டைக்கும் இதே பெயர்தான், அது நிஜமாகவே மரம். வெடித்ததும் உறையும் ஈட்டியும் ஒன்றாக வெளியே பாயும், குழலைத் தாண்டியதும் உறை துண்டு துண்டாகக் கழன்று விழும், ஈட்டி மட்டும் எதிரியின் இயந்திரத்துக்குள் போகும். சபோவைக் கழற்றி எறிவது அங்கே உண்மையிலேயே நடக்கிறது. பேத்தியிடம் இதையும் சொல்லுங்கள் ஆசிரியர் ஐயா.